பொருந்தாததை வெட்டவும்

என் அண்ணன் ஒரு மனிதனைப் பாராங் கத்தியால் வெட்டப் போனபோது நான் இருபதடி தூரத்தில் மண் அள்ளும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். தடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தடுக்கப் போனேன். என்னை வாய்க்காலில் தள்ளிவிட்டுத்தான் அவர் அந்த வேலையைப் பார்த்தார். ஆனால் அவரை அங்கே கத்தியோடு கொண்டுபோய் நிறுத்தியதே என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சுதான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விவசாய நிலங்களிலிருந்து மண் எடுத்துவந்து, அதிலுள்ள பாக்டீரியாக்களைப் பிரித்து, இது இன்ன இனம், இன்ன குடும்பம் என்று அடையாளம் காண வேண்டும். எந்த இனத்திலும் சேராமல் ஒன்று வந்து நின்றால் அது புதிது, அதற்குப் பெயர் வைக்கலாம். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால், "உங்களுக்கு என்னா அக்கா, ஏர்கோன்ல உக்காந்து பாக்குற வேலை" என்பார்கள். பாக்டீரியாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். ஒரு கூட்டத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நெருப்பில் காட்டிக் கொன்று, சாயத்தில் முக்குகிறோம். இன்னொரு கூட்டத்துக்கு உப்பை ஏற்றிக்கொண்டே போய் எந்த அளவில் சாகிறது என்று பார்க்கிறோம். சூட்டில் வைக்கிறோம், குளிரில் வைக்கிறோம், பட்டினி போடுகிறோம், கடைசியில் உடம்பை உடைத்து உள்ளே இருக்கும் மரபணுவை உருவி எடுக்கிறோம். இத்தனையும் செய்துவிட்டுக் கட்டுரையில் "இதன் பண்புகள்" என்று சாதுவாகத் தலைப்புப் போடுகிறோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அந்தக் கொலைகளும் பிடித்திருந்தன, அதை மறைப்பானேன்.

கை நீட்டுவது எங்கள் வீட்டில் தினப்படி நடப்பதுதான். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பா அம்மாவை அடிப்பார், அம்மா எங்களை அடிப்பார், என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஊரையே அடிப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தோட்டத்துக் கடைக்காரன் என் கையைப் பிடித்து இழுத்தான். அண்ணன் நேராகக் கடைக்குள் போய், அவனுடைய தராசுக் கம்பியையே பிடுங்கி அவன் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும், "நீ எதுக்குத் தனியா அங்க போன?" என்று எனக்கும் இரண்டு விழுந்தது. பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொன்னபோது அவரோடு மல்லுக்கு நின்று என்னைப் படிக்க வைத்ததும் இதே அண்ணன்தான்.

படித்ததால் எனக்கு அந்தக் குணம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருமுறை ஒரு மாதம் வளர்த்து வைத்திருந்த என் கிருமித் தட்டுகளைக் கேட்காமல் எடுத்துக் கிருமி கொல்லும் கொதிகலனில் போட்டுவிட்டார் கூட வேலை செய்பவர் ஒருவர். கையில் கிடைத்த கண்ணாடிக் குடுவையை அவர் தலையைப் பார்த்து வீசினேன். அவர் குனிந்தார், அது சுவரில் போய்ச் சிதறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் குனிந்திருக்காவிட்டால் இந்தக் கதையில் நானும் அண்ணன் போன இடத்துக்கே போயிருப்பேன்.

தோட்டம் நாங்கள் வளர்ந்து முடிப்பதற்குள் கைமாறிவிட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்து எடுத்துப் போனார்கள். நிலத்தை வாங்கிய கம்பெனி வீடு கட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, பல வருடங்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் லயத்தைவிட்டுப் போகவில்லை. ஆற்றோரமாக மூன்று ஏக்கரைத் தானே கொத்தி, மரவேர்களைத் தோண்டி எடுத்து, மிளகாயும் கத்தரியும் பயிற்றங்காயும் போட்டார். இருபது வருட உழைப்பு. ஆனால் நிலம் அவர் பெயரில் இல்லை. எங்கள் ஆட்களிடம் "பேர் ஏறுறது" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிலத்துக் கிராண்டில், அதாவது பட்டாவில், பெயர் ஏறுவது. அப்பாவுக்கு ஏறவில்லை, அவருடைய அப்பாவுக்கும் ஏறவில்லை. "அவனுக்கு என்னா லா, பேர் ஏறிருச்சு" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அவன் பிழைத்துவிட்டான் என்று பொருள். இது லயத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். படித்த எனக்குத்தான் மறந்துபோயிற்று.

ஒரு வருடம் அந்த வட்டாரத்து மிளகாய்க்கு வாடல் நோய் வந்தது. காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானத்துக்குள் தலையைத் தொங்கப் போடும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். வாடிய தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தால் வெள்ளையாக நூல் நூலாக இறங்கும். அவ்வளவும் பாக்டீரியா. செடி தண்ணீர் உறிஞ்சும் குழாய்களை அடைத்து, ஈர மண்ணில் நிற்கும்போதே தாகத்தில் சாகடிக்கும் ஜாதி அது. சுற்றிலும் இருந்த காய்கறித் தோட்டங்கள் எல்லாம் போயின. அண்ணனுடைய ஆற்றோரப் பாத்திகளில் மட்டும் செடிகள் நின்றன.

"என்ன மருந்து அண்ணே அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மருந்தாவது மயிராவது. என் மண்ணுகிட்ட அதுங்க வாலாட்ட முடியாது லா."

அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்துவந்தேன். தண்ணீரில் கரைத்து, கரைத்ததை மறுபடி மறுபடி நீர்க்கவைத்து, தட்டுகளில் பரப்பி வளர்த்தேன். நிறைய முளைத்தன. அதில் சுண்ணாம்புத் தூள் தூவினாற்போல வெள்ளையாக ஒன்று இருந்தது. அதை எடுத்து வாடல் கிருமி பரப்பிய தட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போனேன். நாலாம் நாள் திறந்து பார்த்தால், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. வாடல் கிருமி தட்டு முழுக்கப் படர்ந்து வந்து, அந்த வட்டத்தின் விளிம்பில் கொத்தாகச் செத்துக் கிடந்தது. தனியாக நின்றுகொண்டு "அப்படிப் போடு!" என்று கத்தினேன். அண்ணனுடைய மண்ணில் அண்ணனைப் போலவே ஒன்று இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அது யார் என்று தேடினேன். அதன் மரபணுவைப் படித்து, இதுவரை பெயர் வைத்துப் பதிந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சித்தப்பா பெரியப்பா முறைக்குச் சில இருந்தன, கூடப்பிறந்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. மாதக்கணக்கில் சுட்டும் குளிரவைத்தும் பட்டினி போட்டும் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. அது புதிய இனம். புதிய இனம் என்று உலகம் ஏற்க வேண்டுமானால் சில வேலைகள் உண்டு. உயிரோடு இருக்கும் அந்தக் கிருமியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். எந்த இடத்து மண்ணில் கிடைத்தது என்று அளந்து எழுத வேண்டும். லத்தீனில் ஒரு பெயர் சூட்ட வேண்டும். பேராக் மாநிலத்தின் பெயரையே வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானமே சந்தோஷம் தாங்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு அது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

"அண்ணே, உங்க மண்ணுல எடுத்தது புதுசாம் அண்ணே! பேர் ஏறப் போவுது!"

"என் மண்ணுக்கா? நெசமாவா சொல்ற?" என்றார்.

"நெசமாத்தான். அடுத்த வாரம் வாரேன். உங்க எடத்த அளந்து எழுதித்தான் பதியணும். ஒரு தடவ பதிஞ்சுட்டா அப்புறம் எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாது."

"கம்பெனிக்காரனாலயுமா?"

மருந்துக் கம்பெனி எதுவும் என் கண்டுபிடிப்பைத் திருடிவிடாதா என்று கேட்கிறார் என நினைத்துச் சிரித்தேன். "கம்பெனிக்காரனோட அப்பன் வந்தாலும் முடியாது!"

அடுத்த வாரம் போனேன். கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு பாத்திகளின் நான்கு மூலையிலும் நின்று இடத்தைக் குறித்தேன். அண்ணன் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். மண் எடுப்பதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பது விதி. அதற்கான போராங் என்னிடம் இருந்தது. மலாயில் அச்சடித்த ஒரு பக்கப் படிவம். அடியில் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அதற்குக் கீழே "பெமிலிக் / பெங்குசாஹா" என்று இரண்டு சொல். நிலத்தின் உரிமையாளர் அல்லது பயிரிடுபவர். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பொருந்தாததை வெட்டவும் என்று பொடி எழுத்தில் இருந்தது.

மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மலாய் நன்றாகவே வாசிப்பார். பெமிலிக் என்ற சொல்லின் மேல் மண் அப்பிய விரலை வைத்து, "இங்கயா போடணும்?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, அங்கதான். சீக்கிரம் போடுங்க, மழ வருது."

அவர் கையெழுத்துப் போட்டார். உரிமையாளர் என்ற சொல்லை நான் ஒரு கோடு இழுத்து வெட்டியிருக்க வேண்டும். ஒரு நொடி வேலை. வெட்டவில்லை. ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்தேன். அவர் அதை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு கிருமிக் காகிதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேலி செய்தேன். அவர் என் தலையில் கையை வைத்து அழுத்தினார், அடிக்காமல் என் தலையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது கம்பெனி அவருக்குக் கடைசிக் கடிதம் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. இடத்தைக் காலி செய்து கையெழுத்துப் போட்டால் ஊருக்குள் ஒரு சின்ன வீடு தருவதாக எழுதியிருந்தார்கள். மற்ற குடும்பங்கள் எல்லாம் போட்டுவிட்டுப் போய்விட்டன. அண்ணனும் முனகிக்கொண்டே சம்மதித்து, அண்ணி சட்டி பானைகளைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்திருந்தார். நான் போனில் பேசிய அன்றே அண்ணன் அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்ட அண்ணிக்குத் தாடையில் விழுந்தது. "என் தங்கச்சி பேர் ஏத்துறா. இனிமே எவன் வாரான்னு பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து நான் மறுபடி மண் எடுக்கப் போனேன். அதே இடத்தில் அதே கிருமி மறுபடி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. காலை எட்டு மணி இருக்கும். நான் காரை நிறுத்தும்போதே மண்வாரி இயந்திரத்தின் வாய் கத்தரிப் பாத்திக்குள் இறங்கியிருந்தது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை வேரோடு அள்ளி ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் இடுப்பில் செருகிய பாராங் கத்தியோடு அதன் முன்னால் போய் நின்றார். இயந்திரத்தை ஓட்டியவர் அணைத்துவிட்டு இறங்கி வந்தார். தமிழர்தான், பீடோரைச் சேர்ந்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க அண்ணே. எனக்கு ஆர்டர் குடுத்திருக்காங்க."

"இது என் நெலம். பேர் ஏறிருச்சு. பாரு." அண்ணன் பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

அவர் வாங்கி முழுவதும் வாசித்தார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் வாசித்தார். "அண்ணே, இது நெலத்துப் பேப்பர் இல்ல அண்ணே. பாக்டீரியான்னு போட்டிருக்கு."

"கீழ பாரு லா. பெமிலிக்னு போட்டு என் பேர் இருக்கு."

"கிருமிக்கு ஓனரா அண்ணே நீங்க?" என்று அவர் சிரித்துவிட்டார்.

நான் ஓடினேன். அண்ணனின் முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. "அண்ணே வேணாம்" என்று இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். ஒரு கையால் என்னைப் பிய்த்து எறிந்தார். வாய்க்காலில் மல்லாந்து விழுந்து, மூக்கிலும் வாயிலும் சேறு ஏறி நான் எழுந்து பார்த்தபோது, அந்த மனிதர் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கத்தி அந்தக் கையின் மேல் இறங்கியது. இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. அடுத்த வெட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு வரை போனது. மூன்றாவதை அண்ணன் தவறவிட்டார், கத்தி இயந்திரத்தின் இரும்புப் படியில் பட்டுத் தெறித்துக் கையைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் அசையவில்லை. வெட்டுப்பட்டவர் போட்ட அலறலை என்னால் எழுத முடியாது.

ரத்தம் பக்கத்து மிளகாய்ப் பாத்தியில் குடம் கவிழ்த்தாற்போல இறங்கியது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, நான் மண் எடுக்க வேண்டிய இடம் கெட்டுப்போகிறதே என்று. சத்தியமாக அதுதான் தோன்றியது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் வெள்ளை அங்கியைக் கிழித்து அவர் கையை இறுக்கிக் கட்டினேன். விரல்களை, மண் போடுவதற்காக வைத்திருந்த சுத்தமான பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன். காரில் போகும் வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவில்லை, அண்ணனையும் திட்டவில்லை. "அக்கா, எனக்கு மெஷின் ஓட்டுறத தவிர வேற எதுவும் தெரியாது அக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு விரலை ஒட்டினார்கள். இன்னொன்று ஒட்டவில்லை.

போலீஸ் வரும்வரை அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தாராம். அவர் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். "நெலம் என் பேர்ல ஏறிருச்சு. என் மண்ணுக்குள்ள ஒரு உயிர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. உலகத்துல வேற எங்கயும் கெடையாது. அது இருக்கிற வரைக்கும் கம்பெனிக்காரன் அப்பன் வந்தாலும் என்னை எழுப்ப முடியாது." கேட்டவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மாஜிஸ்திரேட் அவரை ஒரு மாதத்துக்குத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். பேராக்கில் அந்த ஊரின் பெயரே ஒரு வசவு. பிள்ளைகள் சண்டை போட்டால் "நீ தஞ்சோங் ரம்புத்தான்" என்றுதான் திட்டிக்கொள்வார்கள்.

அண்ணி ஈப்போவுக்கு என் வீட்டுக்கு வந்தார். தாடையில் பட்ட அடி மஞ்சளாகத் தெரிந்தது. உட்காரக்கூட இல்லை.

"வாயத் தொறக்காதீங்க. அவரு பைத்தியம்னே எழுதிட்டுப் போவட்டும். ஆஸ்பத்திரின்னா நான் போய்ப் பாப்பேன், கஞ்சி குடுப்பேன், ஒரு நாள் விட்டுருவாங்க. நீங்க போய் அது நெசம், இது நெசம்னு சொன்னீங்கன்னா நேரா ஜெயிலுதான். ஒங்களாலதான் இவ்வளவும். இதையாச்சும் செய்யாம இருங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் திறக்கவில்லை. அண்ணனுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. நான் பேசினால், நிலத்துக்கு உரிமை இல்லாதவரிடம் உரிமையாளர் என்று கையெழுத்து வாங்கியது வெளியே வரும். அந்தப் படிவம் செல்லாது என்றால் அந்த மண் செல்லாது, மண் செல்லாது என்றால் என் புதிய இனமும் செல்லாது. அதற்குள் அந்த மூன்று ஏக்கரையும் வழித்துச் செம்மண்ணாக்கிவிட்டார்கள். இனி அங்கே போய் எடுக்க ஒன்றுமில்லை. என் குளிர்பெட்டியில் சுண்டுவிரல் நீளக் குப்பிகளில் இருந்ததுதான் மிச்சம். அதைக் காப்பாற்ற அண்ணனைப் பைத்தியமாக்கத் துணிந்தேன், நான் அவ்வளவு நல்லவள்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே கூப்பிட்டார். தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவர். "அக்கா, மாத்திரை குடுத்தா முழுங்க மாட்றாரு. நாலு பேர் சேந்து புடிக்க வேண்டியிருக்கு. நேத்து ஒரு அட்டெண்டன்ட்டோட மூக்க ஒடச்சிட்டாரு. எல்லார்கிட்டயும் ஒன்னுதான் சொல்றாரு. நான் பைத்தியம் இல்ல, என் தங்கச்சிய கேளுங்கன்னு."

போனேன். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. "அவர் சொல்றதுல ஏதாச்சும் நெசம் இருக்கா? நடக்காதத நம்புனாத்தான் அக்கா அது நோய். அவர்கிட்ட யாராச்சும் அப்பிடிச் சொல்லி அவர் நம்புனாருன்னா கத வேற."

தட்டின் படத்தையும் படிவத்தின் பிரதியையும் மேசைமேல் வைத்தேன். போனில் பேசியதைச் சொன்னேன். "பேர் ஏறுறது" என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரும் தோட்டத்துக் குடும்பம்தான். வாயில் கையை வைத்துக்கொண்டார். அந்த வாரமே என் மேலதிகாரிக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிருமி இன்றைக்கும் வெறும் எண்ணோடுதான் குளிர்பெட்டியில் இருக்கிறது.

"நெலம் அவர் பேர்ல ஏறலைன்னு அவருக்குத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது. இன்னும் யாரும் சொல்லல."

"நீங்கதான் சொல்லணும். சொன்னப்புறம் எப்பிடி எடுத்துக்கிறாருன்னு நான் பாக்கணும்."

அண்ணனை இரண்டு பேர் அழைத்துவந்தார்கள். ஆஸ்பத்திரி உடுப்பில் தோள் இறங்கி, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "வந்துட்டியா. சொல்லு இவங்ககிட்ட" என்றார்.

"சொல்லிட்டேன் அண்ணே. அந்த உயிர் இருக்குறது நெசம்னு சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா டாக்டர்" என்று அவர் பக்கம் திரும்பினார்.

"ஆனா பேரு கிருமிக்குத்தான் அண்ணே. நெலத்துக்கு இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "நீ அளந்தியே."

"கிருமி எங்க இருந்துச்சுன்னு எழுதுறதுக்கு அளந்தேன்."

"பெமிலிக்னு போட்டிருந்துச்சே. அங்கதான் கையெழுத்துப் போடச் சொன்ன."

"அத நான் வெட்டியிருக்கணும் அண்ணே. வெட்டல. என் தப்பு."

தரையைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப அந்தக் கிருமிக்காச்சும் என் பேரா?"

"இல்ல அண்ணே. பேராக்னு வச்சிருந்தேன்."

நாற்காலி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. முஷ்டி என் வாயில் இறங்கியது. சுவரில் தலை மோதிக் கீழே விழுந்தேன், வாய் முழுக்க ரத்தம் உப்புக் கரித்தது. இரண்டாவது அடிக்கு அவர் கையை ஓங்கும்போது அந்த இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். ஒருவர் கழுத்தை வளைத்தார், இன்னொருவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முழங்காலால் அழுத்திக் குப்புறக் கிடத்தினார். வெளியிலிருந்து ஒருவர் ஊசியோடு ஓடிவந்தார்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். ரத்தத்தைத் தரையில் துப்பினேன். "டாக்டர், ஊசி போட வேணாம். இது நோய் இல்ல, இது கோவம். பொறந்ததுலருந்து எனக்கு இது தெரியும். எனக்கு அடி விழ வேண்டியதுதான். அத எழுதிக்குங்க."

டாக்டர் ஊசிக்காரரை நிற்கச் சொன்னார். அண்ணனின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஐயா, அந்த நெலம் யாரோடது?"

கன்னம் தரையில் அழுந்தியிருக்க அண்ணன் மூச்சு வாங்கினார். "கம்பெனிக்காரனோடது."

"தங்கச்சிய எதுக்கு அடிச்சீங்க?"

"அவ சொன்னத நம்பித்தானே நான் அந்த மனுசன வெட்டினேன்."

டாக்டர் எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அந்த இருவரும் அண்ணனைத் தூக்கி நிறுத்தினார்கள். கதவு வரை போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பல்லு போச்சா?"

"ஆடுது."

"நான் பைத்தியம் இல்லன்னுதானே எழுதுறாங்க?"

"ஆமாண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டு, யாரும் இழுக்காமல் தானே நடந்து போனார். டாக்டர் எழுதிய அந்தத் தாளை வைத்துத்தான் அவருக்கு ஏழு வருடம் ஜெயில் போட்டார்கள்.